இரண்டு பேர், 300 விநாடி: போக்கிமான் கோ ரெய்டுக்கு அணி அமைப்பது எப்படி?

போக்கிமான் கோ 2016 டிசம்பரில் ஜியோவோடு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெரிய போக்கிமானை வீழ்த்தும் 'ரெய்டு' 2017 ஜூனில் சேர்ந்தது. ஒரு ரெய்டில் 20 பேர் வரை ஆடலாம். பெங்களூரில் அந்தக் கூட்டம் சேரும். உத்தனப்பள்ளியில் ஷிப்ட் முடிந்து வருகிற இரண்டு மூன்று பேர் கிடைத்தாலே பெரிசு. அதனால் எங்களுக்கு அணித் தேர்வுதான் எல்லாம்.

முதலில் ஒரு சின்ன வகுத்தல். ஐந்து நட்சத்திர பாஸுக்கு உயிர் 15,000. நேரம் 300 விநாடி. அதாவது விநாடிக்கு 50 சேதம். பத்துப் பேர் என்றால் தலைக்கு 5. யாரை இறக்கினாலும் ஜெயிக்கலாம். இரண்டே பேர் என்றால் தலைக்கு 25. இங்கேதான் பலரும் சிபி எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஸ்லாக்கிங்கின் சிபி 5000 வரை போகும். ஆனால் அதன் வேக அடி கொட்டாவி, சேதம் பூஜ்யம்!

அப்போ எதைப் பார்ப்பது? பெருக்கல் எண்களை. கிரவுடானை எடுத்துக்கொள்வோம். அது நில வகை, நீருக்குப் பலவீனம்.

• நீர் வகை போக்கிமானே நீர் அடி அடித்தால்: 1.2
• எதிரியின் பலவீனம்: 1.6
• ஆட்டத்தில் மழை என்றால்: 1.2
• கூட ஆடுபவர் 'பெஸ்ட் ஃபிரண்ட்' என்றால்: 1.1
• மற்றவர் மெகா ஸ்வாம்பர்ட்டை இறக்கியிருந்தால்: 1.3

எல்லாம் ஒன்றோடொன்று பெருகும் என்பதுதான் விஷயம். மொத்தம் கிட்டத்தட்ட 3.3. இதே கிரவுடானை மின்சார அடியால் அடித்தால் பலவீனத்தின் 1.6 இருக்கும் இடத்தில் 0.39 வந்துவிடும். அதாவது நாலில் ஒரு பங்கு சேதம்தான்.

ஆக, சின்னக் குழுவுக்கு என் வரிசை இது. ஆறு இடத்திலும் கயோகர் மாதிரி ஒரே வகையில் அடிக்கிறவை; வேக அடி, பெரிய அடி இரண்டுமே நீராக இருக்கணும். ஆறும் வெவ்வேறாக இருக்கத் தேவையே இல்லை. மெகா ஒருவரிடம் இருந்தால் போதும், இரண்டு மெகாவின் பலன் கூடாது. ஆனால் மெகா வைத்திருப்பவருக்கு அந்த 1.3 கிடைக்காது, அது கூட்டாளிக்குத்தான். ஆட்டமே பரிந்துரைக்கும் அணியை அப்படியே ஏற்காமல் ஒவ்வொன்றின் அடியையும் திறந்து பாருங்கள்.

வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை: ஆட்டத்துக்குள் காட்டுவதுதான் கணக்கு, வாசலில் பெய்கிற மழை இல்லை. முட்டை பொரிந்தபின் பாஸ் 45 நிமிடம் நிற்கும். அதற்குள் தோற்றாலும் அதே பாஸ் சீட்டில் திரும்ப நுழையலாம். மணி மாறும்போது வானிலையும் மாறக்கூடும். ஆளுக்குக் காத்திருப்பது வீண் என்கிற ஊரில், அந்த மழைக்குக் காத்திருப்பது லாபம்.