78 இலக்க எண்ணால் பணம் எடுப்பது எப்படி?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மலை ஏறி முடியும் தறுவாயில் பெருமாள்மலை வரும். பழனிக்குச் செல்லும் சாலை பிரிவது இங்கேதான். மாலையானால் மூடுபனி இறங்கிவிடும். கைப்பேசிச் சிக்னலும் வரும், போகும். அந்த நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். கையில் பேசியுடன் தவித்துக்கொண்டிருந்தார்.

"சார், 1,200 நாணயம் எடுக்கக் கையொப்பமிட்டு அனுப்பினேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை போய்விடுமா?"

நல்ல கேள்வி. விடை காணுமுன், அவர் எங்கிருந்து எடுக்கிறார் என்று பார்ப்போம். அது வங்கியன்று. மேலாளர் இல்லை, கவுன்ட்டர் இல்லை. 'ஈத்தரியம்' என்னும் கணிப்பொறி வலையில், யாவரும் படித்துப் பார்க்கக்கூடிய ஒரு நிரலே அங்கே கணக்குப்பிள்ளை. 'ஆவே' என்பது இத்தகைய கடன் குளங்களுள் ஒன்று. பின்லாந்து மொழியில் இச்சொல்லுக்குப் பேய் என்று பொருளாம்! நம் நாட்டினர் 2017-இல் தொடங்கிய 'பாலிகன்' வலையிலும் 2021 முதல் இது இயங்குகிறது.

குளம் என்ற சொல் பொருத்தமானதே. பலர் நாணயங்களை ஊற்றுகிறார்கள். சிலர் கடனாக மொண்டு செல்கிறார்கள். கடன் வாங்குபவர் அடகுக் கடையில் நகை வைப்பதுபோல, வாங்கும் தொகையைவிட மதிப்பு மிகுந்த வேறு நாணயத்தை ஈடு வைக்க வேண்டும். குளத்தில் 1,000 நாணயம் போடப்பட்டு, அதில் 800 கடனாகப் போயிருப்பதாகக் கொள்வோம். மீதி 200. நீங்கள் போட்டது 300 என்றால் உங்களால் முழுவதையும் எடுக்க முடியுமா? முடியாது. கணக்கில் 300 இருக்கும். குளத்தில் நீர் இராது.

இதற்கு நிரல் செய்யும் ஏற்பாடு நம் பௌதிக வகுப்பில் வரும் எதிர்ப் பின்னூட்டமே. நீர்மட்டம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் வட்டி செங்குத்தாக ஏறுகிறது. கடன்பட்டவர் அஞ்சித் திருப்பிக் கட்டுகிறார். வட்டிக்கு ஆசைப்பட்டுப் புதியவர் வந்து ஊற்றுகிறார். மட்டம் உயர்கிறது. மேல்நிலைத் தொட்டியின் மிதவைப் பந்து தண்ணீருக்குச் செய்வதை இங்கே வட்டி விகிதம் செய்கிறது. ஆனால் பந்துக்குப் பயமோ ஆசையோ கிடையாது. ஆகவே அது நம்பகமானது. மனிதர்கள் எப்பொழுது வருவார்கள் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது.

ஆகவே, பணத்தை எடுக்க உதவும் மென்பொருள் முதலில் குளத்தை எட்டிப் பார்க்கிறது. நீர் இருக்கிறதா? இவர் கடன் ஏதேனும் வாங்கியிருந்தால், எடுத்தபின் எஞ்சும் ஈடு போதுமா? கட்டணம் செலுத்த இவரிடம் சிறிது ஈதர் உண்டா? இவற்றைச் சரிபார்த்தபின் ஒரு விண்ணப்பத்தை எழுதி, அதை அனுப்பாமலே ஒத்திகை பார்க்கிறது.

விண்ணப்பத்தில் தொகையை எழுதுவதில்தான் வேடிக்கை. நிரலுக்குத் தசமப் புள்ளி தெரியாது. எல்லாம் முழு எண்களே. ஓர் ஈதர் என்பது 10-இன் 18-ஆம் அடுக்கு சிற்றலகுகள். டாலருக்கு இணையாகக் கருதப்படும் யு.எஸ்.டி.சி. நாணயத்திலோ 10-இன் 6-ஆம் அடுக்குதான். ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் தொகை லட்சம் கோடி மடங்கு மாறிவிடும்! விடைத்தாளில் அலகு எழுதாதவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பது வீம்புக்காக அல்ல. பவுண்டு அலகையும் நியூட்டன் அலகையும் குழப்பியதால் 1999-இல் ஒரு விண்கலமே செவ்வாயருகே தொலைந்தது.

'எல்லாவற்றையும் எடு' என்பதை எப்படி எழுதுவது? வட்டி ஒவ்வொரு வினாடியும் ஊறுகிறது. 1,200 யு.எஸ்.டி.சி.க்கு ஆண்டு வட்டி 5 விழுக்காடானால், வினாடிக்கு ஏறத்தாழ 2 சிற்றலகு. நீங்கள் இருப்பைப் படித்து எழுதி, அது அடுத்த ஏட்டில் பதிவாவதற்குள் இருப்பே மாறியிருக்கும். ஈத்தரியத்தில் 12 வினாடிக்கு ஒருமுறை புது ஏடு. ஆகவே ஆவேயில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: 2-இன் 256-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணைத் தொகையாக எழுதினால், 'அந்நேரத்து இருப்பு முழுவதும்' என்று பொருள். அதில் 78 இலக்கங்கள்! அந்த ஏட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அதுவே.

இதுவரை நடந்தது ஆயத்தம்தான். விண்ணப்பத்துக்கு உயிர் வருவது உங்கள் இரகசியச் சாவியால் கையொப்பமிடும்போது. கையொப்பத்திற்கு வலைத்தொடர்பே வேண்டியதில்லை. பனி மூடிய மலையிலும் இடலாம். ஆனால் இட்டது எது என்று அறிந்து இட வேண்டும். 2024 ஜூலை 18 அன்று, கடன் குளமல்லாத ஓர் இந்தியச் சந்தையான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவு போனது. பலர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் திறக்கும் பெட்டகம் அது. திரையில் காட்டியது ஒன்று, கையொப்பமானது வேறொன்று என்று அந்நிறுவனம் அறிவித்தது. சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளரின் நாணயங்களும் அச்சந்தையில் முடங்கின. அவர் வழக்கில்தான், கிரிப்டோ நாணயமும் சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. காசோலையில் தொகையை வேறொருவர் எழுதலாம்; படிக்காமல் கையெழுத்திட்டால் வங்கி என்ன செய்யும்? இங்கே திரும்பக் கேட்க வங்கியும் இல்லை.

சரி, தேநீர்க் கடைக்கு வருவோம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அனுப்புபவரின் வரிசை எண் ஒன்று உண்டு. அதே எண்ணுடன் நூறு முறை அனுப்பினாலும் ஏட்டில் ஒன்றுதான் ஏறும். "தம்பி, புதிதாக எழுதாதே. கையொப்பமிட்டதையே மறுபடி அனுப்பு" என்றேன்.

இருபது நிமிடத்தில் பனி விலகியது, சிக்னலும் வந்தது, பணமும் சேர்ந்தது. ஆனால் அவர் 78 இலக்க எண்ணை எழுதாமல், கண்ணில் கண்ட 1,200-ஐ எழுதியிருந்தார். அந்த இருபது நிமிட வட்டி, சுமார் 2,283 சிற்றலகு, குளத்திலேயே நின்றுவிட்டது. ஒரு டாலரில் கால் விழுக்காடுகூட இல்லை. அதை எடுக்க ஆகும் கட்டணம் அதைவிட அதிகம்.