அரளியில் அமர்ந்த அந்துப்பூச்சி எது? பெயர் சொல்லும் இலவசத் தளம்

சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளித் தோட்டங்கள் அதிகம். அரளி இலையைத் தின்னும் ஒரு தடித்த பச்சைப் புழுவைப் பலர் பார்த்திருப்பீர்கள். தலைக்குச் சற்றுப் பின்னால் கண்களைப் போல இரண்டு நீலப் புள்ளிகள், வால் பக்கம் ஒரு கொம்பு. விஷப்புழு என்று அஞ்சி நசுக்கி விடுகிறார்கள். இதற்குக் கொட்டும் முடிகள் கிடையாது. பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த அழகான ஹாக் மாத் அந்துப்பூச்சியாக மாறுவது இந்தப் புழுதான்.

இத்தகைய படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது என்ன?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 2008ல் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட் தளம். கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

கணக்கு தொடங்கி, படத்தை அப்லோட் செய்திடவும். தளம் சில பெயர்களைப் பரிந்துரைக்கும். முதல் பெயரை அப்படியே கிளிக் செய்துவிடக் கூடாது. மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

1. இடம்: டாஃப்னிஸ் பிளாசிடா என்ற இனமும் பார்ப்பதற்கு இதே சாயலில் இருக்கும். அது இந்தோனேசியத் தீவுகள், நியூகினி, ஆஸ்திரேலியா பகுதிகளைச் சேர்ந்தது. படத்துடன் இடத் தகவல் இருந்தால், நம் பகுதியில் எதிர்பார்க்கக் கூடிய இனங்களைத் தளம் முன்னிறுத்தும்.

2. இறக்கை: டாஃப்னிஸ் ஹைபோதஸ் என்ற இனம் இந்தியாவிலும் உண்டு. இதற்கு இடத் தகவல் மட்டும் போதாது. முன் இறக்கையின் நுனியில் சிறிய வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஹைபோதஸ்.

3. செடி: புழு அரளியைத் தின்றுகொண்டிருந்தால், டாஃப்னிஸ் நீரியை என்பதற்கு அது வலுவான சான்று. அரளியின் அறிவியல் பெயரான நீரியம் என்பதிலிருந்து வந்த பெயர் இது. எனவே செடியையும் ஒரு படம் எடுங்கள்.

போட்டோ எடுக்கும் முன் மொபைல் கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை ஆன் செய்திடவும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடமும் தேதியும் நீங்கிவிடும். டாகுமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும். வீட்டுத் தோட்டத்துப் படம் என்றால், இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். தளம் சரியான இடத்தைக் காட்டாமல் தோராயமான பகுதியை மட்டும் காட்டும்.

உங்கள் பதிவைப் பார்க்கும் மற்றவர்களும் தங்கள் கருத்தைத் தெரிவிப்பார்கள். குறைந்தது இருவர் பெயர் சொல்லி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால், அது ஆய்வுத் தரப் பதிவாகிவிடும். மாத்ஸ் ஆஃப் இண்டியா தளத்தில் உள்ள படங்களுடனும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்த முறை அரளியில் கொம்புப் புழுவைக் கண்டால், முதலில் கேமராவை எடுங்கள். நசுக்கிய புழுவை எந்த மென்பொருளாலும் அடையாளம் காண முடியாது!