அறுந்தது ஓர் அங்குலம்!

மடிக்கணினி கெட்டுவிட்டது என்று விடுதியில் ஒரு நண்பர் தலையில் கைவைத்து உட்கார்ந்தால், உடனே கணினியைச் சந்தேகிக்க வேண்டாம். பல வேளைகளில் கெட்டிருப்பது கணினி அன்று. அதற்கு உணவூட்டும் கம்பிதான்.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின், கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளையின் பையிலும் கணினி ஏறியது. அதன் அறிவைப் பற்றிப் பேசும் நாம் அதன் வாலைப் பற்றி நினைப்பதில்லை. புராஜெக்ட் ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கையில் அந்த வால் அறும்போதுதான் அதன் அருமை தெரிகிறது!

நம் சுவரில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணினி கேட்பதோ சுமார் 19 அல்லது 20 வோல்ட் நேர்திசை மின்சாரம். இடையில் கிடக்கும் கறுப்புப் பெட்டியாகிய அடாப்டர், வந்த மின்சாரத்தை நேர்திசையாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறு மின்மாற்றி வழியே அழுத்தத்தைக் குறைத்து, மறுபடி நேர்திசையாக்கி அனுப்புகிறது. அவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் அந்த மின்மாற்றி உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

இப்பெட்டிக்கு இரண்டு கம்பிகள். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் தடித்த கம்பியைக் கழற்றலாம். பழுதானால் குறைந்த விலையில் புதிதாக வாங்கி மாட்டலாம். பெட்டியிலிருந்து கணினிக்குப் போகும் மெல்லிய கம்பியோ பல அடாப்டர்களில் பெட்டியோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. நாள்தோறும் வளைந்து, சுருண்டு, இழுபட்டு அறுவது இதுதான்! கழற்ற முடிந்தது அறுவதில்லை. அறுவதைக் கழற்ற முடிவதில்லை. இப்படி அமைத்தவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

அது அறுவது பெரும்பாலும் பின்னை ஒட்டிய கழுத்தில், அல்லது பெட்டியை விட்டு வெளிவரும் இடத்தில். உள்ளே இருப்பது ஒரே கம்பி அன்று. தலைமுடி போன்ற செப்பு இழைகளின் கட்டு. வளைய வளைய ஒவ்வோர் இழையாக ஒடிகிறது. மிஞ்சிய சில இழைகள் முழு மின்னோட்டத்தையும் சுமப்பதால் அந்த இடம் சூடேறும். கம்பியை ஒரு பக்கமாக வளைத்து, மேலே ஒரு தடித்த புத்தகத்தை வைத்தால் சார்ஜ் ஏறும். புத்தகத்தை எடுத்தால் நின்றுவிடும். இந்த வைத்தியத்தை விடுதிகளில் காணலாம். கழுத்து சுடத் தொடங்கிய பின் அது வைத்தியமன்று, ஆபத்து.

விந்தையான நோய் இன்னொன்று. கணினி இயங்கும், பாட்டரி மட்டும் ஏறாது. டெல், எச்.பி. நிறுவனங்களின் பல அடாப்டர்களில் பின்னின் நடுவே ஊசி போன்ற ஒரு முனை உண்டு. அது மின்சாரம் தருவதற்கன்று. ‘நான் இன்ன அடாப்டர்’ என்று கணினிக்கு அடையாளம் சொல்வதற்கு. அதற்குச் செல்லும் மெல்லிய மூன்றாவது கம்பி மட்டும் ஒடிந்தால், டெல் கணினி அடாப்டரை அறியாமல் பாட்டரியை ஏற்ற மறுக்கலாம், வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். பழி பாட்டரி மேல் விழுகிறது. புதுப் பாட்டரி வாங்கிய பின்னும் நோய் தீராது!

சரி, கடைக்குப் போவோம். “எல்லாம் ஒண்ணுதான் தம்பி, போட்டுப் பாருங்க” என்பார் கடைக்காரர். ஒன்றல்ல. பழைய அடாப்டரின் அடியில் உள்ள பொடி எழுத்துகளைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்க 65 வாட். வோல்ட் பொருந்தியாக வேண்டும். ஆம்பியர் கூடலாம், கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குறையலாகாது, 65 வாட் கேட்கும் கணினிக்கு 45 வாட் அடாப்டர் திணறும், சுடும். அடுத்தது பின். வெளிவிட்டம் 4.5, 5.5, 7.4 மில்லிமீட்டர் என்று எத்தனையோ வகை. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். பழையதைக் கையோடு கொண்டு போவதே வழி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உண்டா என்றும் பாருங்கள்.

முழு அடாப்டரையும் வாங்கத்தான் வேண்டுமா? பின்னோடு கூடிய கம்பி மட்டும் தனியே கிடைக்கிறது. பற்றவைக்கத் தெரிந்த பழுதுபார்ப்பவர் கெட்ட கம்பியை வெட்டிவிட்டு இதை இணைத்துத் தருவார். அடையாள ஊசி உள்ள வகையென்றால் மூன்று கம்பி உள்ளதையே கேட்க வேண்டும். நாமே பெட்டியை உடைத்துப் பார்ப்பது கூடாது. 230 வோல்ட் நேர்திசையாகும்போது உச்சம் சுமார் 325 வோல்ட். சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் அது சற்று நேரம் தங்கியிருக்கலாம்.

இந்தக் குழப்பத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் ஒரு சட்டம் இயற்றியது. கைப்பேசி முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் சி-வகை யூ.எஸ்.பி. துளை வேண்டும் என்று அது நாள் குறித்தது. இவ்வகை அடாப்டர்கள் பலவற்றில் கம்பி இரு முனையிலும் கழன்று வரும். அறுந்தால் கம்பி மட்டும் வாங்கினால் போதும். ஆனால் கைப்பேசிக் கம்பியை மாட்டிவிட்டு ‘ஏன் மெதுவாக ஏறுகிறது?’ என்று கேட்கக் கூடாது. 3 ஆம்பியர் கம்பியில் 20 வோல்ட்டுக்கு 60 வாட்தான் போகும். அதற்கு மேல் வேண்டுமானால், தன் திறனை அடாப்டருக்குத் தெரிவிக்கும் சிறு சில்லு பதித்த 5 ஆம்பியர் கம்பி வேண்டும்.

அதுவரை, கையிலிருக்கும் பழைய அடாப்டரைச் சுருட்டும்போது கழுத்தருகே ஒரு சிறு வளையம் தளர விட்டு, பிறகு சுற்றுங்கள்.