ராக்கெட்டை முதலில் கம்ப்யூட்டரில் பறக்க விடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், கேம்ஸ் விளையாடுவார்கள், நாலு கடிதம் டைப் செய்து பார்ப்பார்கள். அதன் பிறகு, "இதை வைத்து வேறு என்னதான் செய்வது?" என்ற கேள்வி வரும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் இதோ ஒரு நல்ல வேலை. ஒரு மாடல் ராக்கெட் கிட் வாங்கி, அதை நம் விருப்பப்படி மாற்றி அமைத்து, பறக்குமா பறக்காதா என்பதைக் கம்ப்யூட்டரிலேயே தெரிந்து கொள்ளலாம். ஓசூரில் என் வீட்டு மேஜை மீது அப்படி ஒரு ராக்கெட் நிற்கிறது. அதைச் செய்த கதையைத்தான் இங்கே சொல்கிறேன்.

ராக்கெட் நம் மண்ணுக்குப் புதிதல்ல

ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஒரு காலத்தில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆண்ட மைசூர் ராஜ்ஜியத்தில் இருந்தவை. கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் பகுதி 1792ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்போதுதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்த மைசூர்ப் படையின் பெயர் பெற்ற ஆயுதம் இரும்புக் குழாய் ராக்கெட். 1780ம் ஆண்டு காஞ்சிபுரம் அருகே நடந்த பொள்ளிலூர் போரில் அது ஆங்கிலேயர்களைத் திணற வைத்தது. அவற்றைப் பார்த்த பிறகுதான் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1963ம் ஆண்டு அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்துக்குப் பயிற்சிக்குச் சென்ற அப்துல் கலாம், அங்கே சுவரில் திப்புவின் ராக்கெட் படையைக் காட்டும் ஓவியம் ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

அந்த இரும்புக் குழாயோடு நீளமான மூங்கில் கழி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். நம் தீபாவளி ராக்கெட்டிலும் குச்சி இருக்கிறது. எதற்கு? ராக்கெட் புரண்டு விடாமல் நேராகப் போவதற்கு. மாடல் ராக்கெட்டில் இந்த வேலையை வால் இறக்கைகள் செய்கின்றன. நாம் கம்ப்யூட்டரில் பார்க்கப் போவதும் இந்த ஒரே விஷயத்தைத்தான்.

கிட்டில் என்ன இருக்கும்?

மாடல் ராக்கெட் என்ற பொழுதுபோக்கு 1950களில் அமெரிக்காவில் தொடங்கியது. வீட்டில் மருந்து கலந்து கை, கண்ணை இழந்த சிறுவர்களைப் பார்த்துத்தான் இதற்கென்று கட்டுப்பாடுகள் வகுத்தார்கள். உடல் காகிதம், மரம், பிளாஸ்டிக் ஆகியவற்றால் இருக்க வேண்டும். மோட்டார் தொழிற்சாலையில் செய்ததாக இருக்க வேண்டும். மின்சாரம் மூலம் தூரத்தில் நின்று பற்ற வைக்க வேண்டும்.

ஒரு சாதாரண கிட்டில் அட்டைக் குழாய் ஒன்று, பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு ஒன்று, பால்சா மரத் தகடு, மோட்டாரைத் தாங்கும் சிறு குழாய், எலாஸ்டிக் கயிறு, பாராசூட், ஏவு கம்பியில் கோர்க்கும் சிறு குழல் ஆகியவை இருக்கும். மோட்டார் இருக்காது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாப்ட்வேர் இலவசம்

இதற்கு நான் பயன்படுத்தியது ஓப்பன்ராக்கெட் என்ற புரோகிராம். பின்லாந்தில் சாம்போ நிஸ்கானென் என்ற மாணவர் 2009ம் ஆண்டு தன் பட்ட ஆய்வுக்காக எழுதியது. முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஓப்பன்ராக்கெட் டாட் இன்போ தளத்தில் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். புதிய பதிப்புகளில் ஜாவா சேர்ந்தே வருகிறது. தனியாக அதைத் தேடி இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

முதல் முறை திறந்ததும் பயந்து விடாதீர்கள். பைல் மெனுவில் ஓப்பன் எக்ஸாம்பிள் என்பதைக் கிளிக் செய்து, பட்டியலில் உள்ள சாதாரண மாடல் ராக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். ராக்கெட்டின் படம் திரையில் வரும். அதில் இரண்டு சிறு வட்டங்களைக் காணலாம். நீல வட்டம் எடை மையம். ராக்கெட்டை விரலில் நிறுத்தினால் சாயாமல் நிற்கும் இடம் அது. சிவப்பு வட்டம் காற்றழுத்த மையம். பறக்கும்போது காற்று பக்கவாட்டில் தள்ளும் விசையெல்லாம் சேர்ந்து செயல்படும் இடம் அது.

விதி ஒன்றுதான். சிவப்பு, நீலத்துக்குப் பின்னால், அதாவது வால் பக்கம் இருக்க வேண்டும். எவ்வளவு பின்னால்? குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்கு. இதைத்தான் அந்தத் திரையில் ஸ்டெபிலிட்டி என்று போட்டு 1.5 கேல் என்பதுபோல் காட்டும். ஒரு கேல் என்றால் ஒரு குழாய் விட்டம். 1 முதல் 2 வரை இருந்தால் நல்லது. 1க்குக் கீழே இறங்கினால் ராக்கெட் புரண்டு, கூட்டத்தின் பக்கமே திரும்பலாம். 2க்கு மேல் ரொம்பவும் ஏறினால் காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பிக் கொண்டு போகும்.

உங்கள் கிட்டை உள்ளே கொண்டு வாருங்கள்

இப்போது பைல் மெனுவில் நியூ தேர்ந்தெடுங்கள். கிட்டின் பாகங்களை ஸ்கேலால் அளந்து, நோஸ் கோன், பாடி டியூப், இறக்கை என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். சேர்த்த பாகத்தின் மீது டபுள் கிளிக் செய்தால் அளவுகளை மாற்றும் விண்டோ திறக்கும்.

என் ராக்கெட்டின் நீளம் 400 மில்லிமீட்டர். குழாய் விட்டம் 25 மில்லிமீட்டர். மோட்டார்களுக்கான பகுதியில் ஏ8-3 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தேன். இந்தப் பெயரில் ஏ என்பது மொத்த உந்தத்தின் பிரிவு. ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன் வினாடி. ஒவ்வொரு எழுத்து கூடும்போதும் இந்த அளவு இரண்டு மடங்காகும். 8 என்பது சராசரி விசை, நியூட்டனில். 3 என்பது எரிந்து முடிந்து பாராசூட் வெளியேறும் வரை உள்ள வினாடிகள். மோட்டாருடன் சேர்த்து எடை 50 கிராம் வந்தது. எடை மையம் மூக்கிலிருந்து 265 மில்லிமீட்டரில், காற்றழுத்த மையம் 305ல். இடைவெளி 40. விட்டம் 25ஆல் வகுத்தால் 1.6 கேல். அருமை!

சிமுலேஷன் பகுதிக்குப் போய் ஏவும் இடத்தின் விவரங்களையும் மாற்றி விடுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையை விட சுமார் 8 சதவீதம் குறைவு. அதனால் அதே ராக்கெட் இங்கே சற்றுக் கூடுதல் உயரம் போகும். காற்றின் வேகத்தையும் ஒரு முறை 2 மீட்டர், ஒரு முறை 6 மீட்டர் என்று கொடுத்து ரன் செய்து பாருங்கள். பாராசூட் எவ்வளவு தூரம் நகர்ந்து போய் விழும் என்பது தெரியும்.

டெம்பிளேட்டை பிரிண்ட் எடுக்கும்போது கவனம்

இந்தப் புரோகிராமில் எனக்குப் பிடித்தது இதுதான். இறக்கையின் வடிவத்தைக் காகிதத்தில் அப்படியே பிரிண்ட் எடுத்து, மரத் தகட்டின் மேல் ஒட்டி வெட்டலாம். குழாயைச் சுற்றி ஒட்டினால் இறக்கைகள் நிற்க வேண்டிய கோடுகளைக் காட்டும் பட்டையும் கிடைக்கும்.

ஆனால் பிரிண்ட் விண்டோவில் பக்கத்துக்குப் பொருத்து என்ற வகை தேர்வு இருந்தால் அதை எடுத்து விட்டு, 100 சதவீதம் என்று வையுங்கள். இல்லையென்றால் பிரிண்டர் படத்தைச் சிறிதாக்கி விடும். பிரிண்ட் ஆனதும் ஸ்கேல் வைத்து ஒரு கோட்டை அளந்து பார்த்த பிறகே கத்தியைக் கையில் எடுங்கள். இறக்கையின் முன் விளிம்புக்கு இணையாக மரத்தின் இழை ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கை பட்டாலே ஒடிந்து விடும்.

நான் செய்த தவறு

கிட்டில் வந்த பால்சா தகடு மெல்லியதாக இருந்தது. "ஓசூரில் இல்லாத பட்டறையா? உறுதியாகச் செய்வோம்" என்று 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இறக்கைகளை வெட்டிக் கொண்டேன். பிறகு பட்டி தடவி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மூன்று கோட் சிவப்பு ஸ்பிரே பெயிண்ட் அடித்தேன். பார்க்க ஜோராக இருந்தது.

ஸ்டிக்கரையும் கம்ப்யூட்டரிலேயே செய்தேன். குழாயின் சுற்றளவு 25 பெருக்கல் 3.14, அதாவது 78.5 மில்லிமீட்டர். ஒன்றன் மேல் ஒன்று ஏற 3 மில்லிமீட்டர் சேர்த்து, இன்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேரில் 81.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வரைந்து, யூனிகோட் எழுத்துருவில் மகன் பெயரைத் தமிழில் அடித்தேன். ஸ்டிக்கர் தாளில் பிரிண்ட் எடுத்து, மேலே தெளிந்த லாக்கர் ஸ்பிரே அடித்தால் மை கரையாது.

எல்லாம் முடிந்த பிறகுதான் சிறிய டிஜிட்டல் தராசில் வைத்தேன். மோட்டாருக்குப் பதில் அதே எடையில், சுமார் 16 கிராமில், ஆணி செருகிய மரக்கட்டை ஒன்றை உள்ளே வைத்திருந்தேன். தராசு 62 கிராம் காட்டியது. 12 கிராம் கூடி விட்டது. பிளைவுட்டில் 7.5 கிராம், பட்டியிலும் பெயிண்டிலும் 4.5 கிராம். அத்தனையும் பெரும்பாலும் வால் பக்கம்! நூலில் கட்டித் தொங்க விட்டுப் பார்த்தால் எடை மையம் 283க்கு நகர்ந்திருந்தது. ஓப்பன்ராக்கெட்டில் ஓவர்ரைடு டேபைத் திறந்து உண்மையான எடைகளைக் கொடுத்ததும் ஸ்டெபிலிட்டி 1.6 என்று இருந்தது 0.9 ஆகக் குறைந்தது.

நம்பாமல் ஒரு சோதனை செய்தேன். எடை மையத்தில் நூலைக் கட்டி, டேப் ஒட்டி, இரண்டு மீட்டர் நூலில் தலைக்கு மேல் சுற்றினேன். மூக்கு முன்னால் போக வேண்டும். என் ராக்கெட் பக்கவாட்டில் புரண்டு புரண்டு வந்தது. கம்ப்யூட்டர் சொன்னது சரி.

மருந்து என்ன தெரியுமா? மூக்குக் கூம்புக்குள் 4 கிராம் களிமண்! எடை மையம் 269க்கு முன்னேறியது. ஸ்டெபிலிட்டி 1.4க்கு மேல் வந்தது. மறுபடி சுற்றியபோது அம்பு போல மூக்கை முன்னால் நீட்டிக் கொண்டு சுற்றியது. வாலில் ஏறிய 12 கிராமை மூக்கில் 4 கிராம் சரி செய்து விட்டது. மூக்கு, எடை மையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருப்பதுதான் காரணம். ஆகவே பெயிண்ட் காய்ந்த பிறகு எடை போட்டு, மறுபடி கம்ப்யூட்டரில் பார்க்காமல் எந்த ராக்கெட்டையும் முடிந்து விட்டதாக நினைக்காதீர்கள்.

மோட்டார் எங்கே?

ராக்கெட்டைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: "அங்கிள், பத்து தீபாவளி ராக்கெட்டைப் பிரிச்சு மருந்தைக் கொட்டினா இது மேல போயிடாதா?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வரும். பதிலைத் தயாராக வைத்திருங்கள். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன இளைஞர்கள். பட்டாசு மருந்து குழாயில் இறுகினால் மோட்டாராக இருக்காது, குண்டாகி விடும். நம் நாட்டில் வெடிபொருள் சட்டம் 1884, வெடிபொருள் விதிகள் 2008 ஆகியவற்றின்படி உரிமம் இல்லாமல் இப்படிக் கலந்து செய்வது குற்றமும் கூட. இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொன்னேன். கேட்டுக் கொண்டு பேசாமல் நின்றான். பிறகு, "அப்ப கம்ப்யூட்டர்ல பறக்க விடலாமா?" என்றான். அன்று மாலை என் மகனும் அவனும் சேர்ந்து பதினேழு முறை ரன் செய்தார்கள்.

உண்மையிலேயே பறக்க விட ஆசைப்பட்டால், அனுமதி பெற்று, தெரிந்தவர்கள் மேற்பார்வையில் நடக்கும் மாணவர் நிகழ்ச்சிகளே வழி. விண்வெளித் துறையின் இன்ஸ்பேஸ் அமைப்பு மாணவர்களுக்கு மாடல் ராக்கெட் போட்டி அறிவித்து, 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் ராக்கெட்டுகளை ஏவ வைத்தது. நம் ஊரில் பேளகொண்டப்பள்ளி விமான ஓடுதளம் வேறு இருக்கிறது. வானம் காலியாகத் தெரிகிறதே என்று மொட்டை மாடியிலிருந்து எதையும் ஏவி விடக் கூடாது.

அதுவரை பிள்ளைகளுக்கு ஒரு மாற்று வழி. அரை அங்குல பிவிசி குழாயின் மேல் ஏ4 தாளைச் சற்றுத் தளர்வாகச் சுருட்டி ஒட்டி, மூக்கை மூடி, மூன்று காகித இறக்கை வையுங்கள். குழாயின் மறு முனையில் காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக்கிக் கட்டி, ஓங்கி மிதியுங்கள். காகித ராக்கெட் மைதானத்தில் பறக்கும். யார் முகத்துக்கும் நேராகக் குழாயைத் திருப்பாமல் இருந்தால் போதும். மூக்கில் சிறிது களிமண் வைத்தும், வைக்காமலும் மிதித்துப் பாருங்கள். நீல வட்டமும் சிவப்பு வட்டமும் என்ன சொல்கின்றன என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்து விடும்.

செய்து முடித்ததும் டிசைன் பைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த ராக்கெட்டுக்கு அதிலிருந்தே தொடங்கலாம்.