ஒரே ஒரு குட்டிச் சொல்... அர்த்தமே தலைகீழ்! இங்கிலீஷில் ‘கேன்’, ‘மஸ்ட்’ போடுவது எப்படி?

பிளஸ்-2 வரை 12 வருஷம் இங்கிலீஷ் படிச்சாச்சு. பரீட்சையில் பாசும் ஆயாச்சு. ஆனால் இன்டர்வியூ ரூமுக்குள் போய், “எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்” என்று சொல்ல நாக்கு ஒட்டிக் கொள்கிறது. ‘ஐ கேன் டிரைவா, ஐ கேன் டு டிரைவா?’ என்று மனசுக்குள் பட்டிமன்றமே நடக்கிறது.

இது நம்ம ஊர் பிள்ளைகள் பல பேருக்கு உள்ள சிக்கல். இதற்கு அறிவுக் குறைவு காரணம் இல்லை. தமிழ் ஒரு வழியில் போகிறது. இங்கிலீஷ் இன்னொரு வழியில் போகிறது. அந்த வித்தியாசம் புரிந்து விட்டால் பாதி பயம் போய் விடும்.

9 சொற்கள்

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். இந்த 9 சொற்களும்தான் ‘மோடல் வெர்ப்’ எனப்படும் முக்கியமான துணை வினைகள். முடியும், வேண்டும், கூடாது, இருக்கலாம் என்ற அர்த்தத்தை எல்லாம் கொடுப்பது இவைதான். பக்கத்தில் ஒரு வினைச்சொல் துணைக்கு நிற்க வேண்டும். ‘எஸ், ஐ கேன்’ என்று சுருக்கமாக பதில் சொல்லும் போது கூட, அந்த வினைச்சொல் சொல்லாமலே புரியும்.

தமிழில் ஆளைக் குறிக்கும் சொல் மாறிக் கொண்டே இருக்கும். ‘அவனால் தூக்க முடியும்’, ‘அவன் போகலாம்’, ‘அவனுக்கு நீந்தத் தெரியும்’ என்கிறோம். அவனால், அவன், அவனுக்கு என மூன்று வடிவம்.

இங்கிலீஷில் அந்த வம்பே இல்லை. ‘ஹீ கேன் லிஃப்ட் இட்’, ‘ஹீ கேன் கோ’, ‘ஹீ கேன் ஸ்விம்’. மூன்றுக்கும் ‘ஹீ கேன்’தான். ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே ஆகிய 7 சொற்கள்தான் முன்னால் வரும். ‘என்னால்’ என்று நினைத்துக் கொண்டு ‘மீ கேன்’ என்று சொன்னால் தப்பு.

3 ‘வேண்டாம்’

முதல் வேண்டாம், ‘எஸ்’ வேண்டாம். ‘ஹீ கோஸ்’ சரி. ஆனால் ‘ஹீ கேன்ஸ் கோ’, ‘ஹீ கேன் கோஸ்’ இரண்டுமே தப்பு. ‘ஹீ கேன் கோ’ மட்டும்தான் சரி.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கேன், மே, ஷல் போன்றவை ஆதி காலத்தில் இறந்த கால வடிவமாக இருந்து, பிறகு நிகழ்கால அர்த்தத்துக்கு வந்தவை. ‘ஹீ வென்ட்’ என்பதில் எப்படி எஸ் வராதோ, அதே மாதிரி இதிலும் வராமல் நின்று விட்டது. இன்னொரு சுவாரசியம், ‘கேன்’ என்ற சொல்லுக்கு பழைய இங்கிலீஷில் ‘தெரியும்’ என்றுதான் அர்த்தம். நாமும் ‘நீந்தத் தெரியும்’ என்றுதானே சொல்கிறோம்!

இரண்டாவது, ‘டு’ வேண்டாம். ‘ஐ கேன் டு டிரைவ்’ தப்பு. ‘ஐ கேன் டிரைவ்’ சரி.

மூன்றாவது, ஒரே இடத்தில் இரண்டு மோடல் வேண்டாம். ‘அடுத்த மாசம் என்னால் வர முடியும்’ என்பதற்கு ‘ஐ வில் கேன் கம்’ என்று போடக் கூடாது. ‘ஐ வில் பி ஏபிள் டு கம்’ என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தென் பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் சில பேர் பேச்சு வழக்கில் ‘மைட் குட்’ என்று சேர்த்துச் சொல்வார்கள். பரீட்சையில் எழுதினால் மார்க் போச்சு.

கேள்வி கேட்பது இன்னும் சுலபம். இடத்தை மாற்றினால் போதும். ‘யூ கேன் கம்’ என்பது ‘கேன் யூ கம்?’ என்றாகி விடும். ‘டூ யூ கேன்’ என்று டூ போடத் தேவை இல்லை. முடியாது என்று சொல்ல, பின்னால் ‘நாட்’ சேர்த்தால் வேலை முடிந்தது.

உயிர் விஷயம்

எல்லாவற்றையும் விட ஆபத்தான இடம் ‘மஸ்ட் நாட்’. தமிழில் ‘வேண்டும்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘வேண்டாம்’. அதனால் ‘மஸ்ட்’ என்றால் வேண்டும், ‘மஸ்ட் நாட்’ என்றால் வேண்டாம் என்று பலரும் நினைக்கிறார்கள். இது பெரிய தப்பு. ‘மஸ்ட் நாட்’ என்றால் ‘கூடவே கூடாது’. ‘தேவை இல்லை’ என்பதற்கு ‘நீட் நாட்’ அல்லது ‘டோன்ட் ஹாவ் டு’.

வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், ‘யூ மஸ்ட் நாட் ஸ்டாப் திஸ் டேப்லெட்’ என்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று அர்த்தம். அதை ‘நிறுத்தத் தேவை இல்லை, இஷ்டம் போல செய்யலாம்’ என்று எடுத்துக் கொண்டால் என்ன ஆகும்? தொழிற்சாலையில் மின்சார அறைக் கதவில் உள்ள போர்டுக்கும் இதே கதைதான்.

இங்கிலாந்தில் 1931-ம் ஆண்டு முதல் வெளியாகும் ‘ஹைவே கோட்’ என்ற சாலை விதிப் புத்தகம் இந்த வித்தியாசத்தை வைத்தே எழுதப்படுகிறது. அதில் ‘மஸ்ட்’, ‘மஸ்ட் நாட்’ என்று இருந்தால் அது சட்டம். மீறினால் குற்றம். ‘ஷுட்’ என்று இருந்தால் அறிவுரை. அதை மீறுவது மட்டுமே குற்றம் ஆகாது. ஆனால் விபத்து வழக்கு என்று வந்து விட்டால் கோர்ட்டில் அதையும் எடுத்துக் காட்டலாம்.

அமெரிக்காவில் 2010-ம் ஆண்டு அரசு ஆவணங்களை எளிய நடையில் எழுத தனிச் சட்டமே வந்தது. கட்டாயம் என்று சொல்ல குழப்பமான ‘ஷல்’ வேண்டாம், ‘மஸ்ட்’ போடுங்கள் என்பது அந்நாட்டு அரசின் எளிய நடை வழிகாட்டி சொல்லும் யோசனை.

மரியாதை எங்கே?

தமிழில் ‘வா’ என்றால் ஒரு மாதிரி, ‘வாங்க’ என்றால் ஒரு மாதிரி. இங்கிலீஷில் சின்னப் பையனுக்கும் யூதான், முதலாளிக்கும் யூதான். அப்புறம் மரியாதையை எங்கே காட்டுவது? இந்த குட்டிச் சொல்லில்தான்.

‘கேன் யூ ஹெல்ப் மீ?’ என்பது சாதாரணம். ‘குட் யூ ஹெல்ப் மீ?’ என்றால் ‘கொஞ்சம் உதவ முடியுமாங்க?’ என்ற பணிவு வந்து விடும். இன்டர்வியூவில் ‘ஐ வான்ட் வாட்டர்’ என்பதை விட ‘குட் ஐ ஹாவ் சம் வாட்டர்?’ என்று கேட்பவர் மீது நல்ல அபிப்பிராயம் ஏற்படும்.

போனில் பேசுபவர்கள் காதைத் தீட்டிக் கொள்ள வேண்டும். அமெரிக்கர்கள் வேகமாகப் பேசும் போது ‘கேன்’ என்பது ‘கன்’ என்று அமுங்கி விடும். ‘கேன்ட்’ என்பதில் கடைசி ட் சரியாகக் கேட்காது. ஆனால் அந்த சொல்லை அழுத்திச் சொல்வார்கள். அழுத்தம் இருந்தால் பெரும்பாலும் ‘முடியாது’ என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டு விடுவது நல்லது.

630 வாக்கியம்

கோ, கம், டூ, கிவ், டேக், சீ, ஸே, கெட், மேக், நோ என்று தினமும் புழங்கும் 10 வினைச்சொற்களை எடுத்துக் கொள்ளுங்கள். முன்னால் வரும் 7 சொற்கள், 9 மோடல்கள், 10 வினைகள். பெருக்கினால் 630 வரும். எல்லாமே தினமும் பேச்சில் வராது. ஆனால் எதிலும் ஒரு எழுத்து கூட மாறாது. தினமும் 20 வாக்கியம் வாய்விட்டுச் சொன்னால் 32 நாளில் முடிந்து விடும். பைசா செலவு இல்லை.

இன்னொரு ஆறுதல். ‘நான் போயிருக்கணும்’ என்பதற்கு ‘ஐ ஷுட் ஹாவ் கான்’ என்று எழுத வேண்டும். இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்டவர்களில் பலர் இதை ‘ஷுட் ஆஃப்’ என்று காதில் விழுந்தபடி தப்பாக எழுதுகிறார்கள். அவர்களே தடுக்கி விழும் இடத்தில் நமக்கு எதுக்குங்க கூச்சம்? தைரியமாகப் பேசுங்க!