அசலா, போலியா? காரின் சக்கரம் சொல்லும் ரகசியம்!

இரண்டு கார் சக்கரங்கள் தரையில் கிடக்கின்றன. இரண்டும் வெள்ளி போல மின்னுகின்றன. இரண்டிலும் பூவிதழ் போல ஐந்து கைகள். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள்!

ஆனால் ஒன்று அசல், மற்றது போலி. அசலுக்குப் பணத்தைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். தரம் கெட்ட போலியை மாட்டிக்கொண்டு வேகமாக ஓட்டினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

எது அசல் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பிறந்த கதை

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இருக்கிறது, போர்ஷே கார் தொழிற்சாலை. 1966-ம் ஆண்டில் அங்கே "911 எஸ்" என்ற கார் வெளிவந்தது. 160 குதிரை சக்தி கொண்ட வேகக் கார்.

வேகம் கூடினால் சக்கரம் உறுதியாக இருக்க வேண்டும். கனமும் குறைய வேண்டும். கனத்த சக்கரம் மேடு பள்ளத்தில் துள்ளும். லேசான சக்கரம் தரையை ஒட்டி ஓடும்.

போர்ஷேயில் வேலை பார்த்த ஹைன்ரிக் க்ளீ என்பவர் ஐந்து இதழ் வடிவத்தை அமைத்தார். மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஊரில் உள்ள ஓட்டோ ஃபுக்ஸ் கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. "ஃபுக்ஸ் சக்கரம்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஃபுக்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் நரி!

1989-ம் ஆண்டு வரை 911 ரகக் கார்களில் இந்தச் சக்கரம் ஓடியது.

குடமும் வார்ப்பும்

அலுமினியக் கலவையைச் சூடாக்கி, ராட்சத யந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். கொல்லன் இரும்பைக் காய்ச்சி அடிப்பது போலத்தான். பிறகு ஓரத்தை உருட்டி விளிம்பு ஆக்குவார்கள். ஒட்டுப் போடுவது கிடையாது. முழுதும் ஒரே துண்டு.

போலிகளில் பல அப்படி அல்ல. உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்தவை. தட்டிச் செய்த செம்புக் குடம் கீழே விழுந்தால் நெளியும். வார்த்த பாத்திரம் விழுந்தால் விரிசல் விடும். சக்கரத்திலும் அதே வித்தியாசம்தான்.

முதுகில் முத்திரை

முகத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. பளபளப்பு அசலுக்கு அடையாளம் அல்ல. ஆரம்ப காலச் சக்கரங்களுக்குத் தொழிற்சாலையில் கொடுத்தது அடக்கமான மினுமினுப்புத்தான். கண்ணாடி போல ஜொலித்தால், பிறகு யாரோ தேய்த்து மெருகேற்றியிருக்கலாம்.

சக்கரத்தைக் கழற்றி, சேற்றைக் கழுவி, முதுகுப் பக்கம் திருப்ப வேண்டும். அங்கே ஃபுக்ஸ் முத்திரை இருக்கும். பாக எண் இருக்கும். பல சக்கரங்களில் அது 911.361.020 என்று தொடங்கும். அகலமும் விட்டமும் அங்குலத்தில் இருக்கும். செய்த மாதமும் வருஷமும் இருக்கும்.

அடுத்த வீட்டுப் பிள்ளை

முத்திரை இருந்துவிட்டால் போதுமா? போதாது!

1966-ல் வந்த முதல் சக்கரத்தின் அகலம் நாலரை அங்குலம்தான். 1973-ம் ஆண்டு "கரேரா ஆர்.எஸ்." காரில் முன்னே 6 அங்குலம், பின்னே 7 அங்குலம். 1967-ம் வருஷக் காரில் 6 அங்குலச் சக்கரம் இருந்தால், அது அசல் ஃபுக்ஸாக இருக்கலாம். ஆனால் அந்தக் காரோடு பிறந்தது அல்ல. பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை!

தேதியும் பொருந்த வேண்டும். கார் மார்ச் மாதம் தயாராகி, சக்கரத்தில் அதே வருஷம் ஆகஸ்டு என்று இருந்தால், சக்கரம் பின்னால் மாற்றப்பட்டது என்று அர்த்தம்.

அளந்து பார்ப்பதும் அவசியம். டயர் உட்காரும் இரு உள் ஓரங்களுக்கு இடையே அளக்க வேண்டும். வெளி ஓரம் வரை அளந்தால் சுமார் ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். சரியாக அளந்தும் முத்திரையில் உள்ளதைவிட அகலம் கூடினால் எச்சரிக்கை! யாரோ ஒட்டுப் போட்டு அகலப்படுத்தியிருக்கலாம்.

சிவப்புக் கோடு

அசலே ஆனாலும், பல வருஷம் ஓடிய சக்கரம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதற்கும் ஒரு சோதனை உண்டு.

பெயிண்டை நீக்கிச் சுத்தம் செய்த சக்கரத்தில் சிவப்புச் சாயம் தடவுவார்கள். சற்று நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, வெள்ளை மருந்து பூசுவார்கள். விரிசலுக்குள் புகுந்த சாயம் மெல்ல வெளியே கசியும். வெள்ளையில் சிவப்புக் கோடு தெரிந்தால், அந்தச் சக்கரம் ரோட்டுக்கு ஆகாது. அலமாரியில் அழகுக்கு வைக்கலாம்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி வாங்கினால் பணமும் போகும், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. பழைய சக்கரம் வாங்குகிறவர்களுக்கு ஒரே விதிதான்: முதுகைக் காட்ட மறுக்கிறவரிடம் பணத்தைக் காட்டாதீர்கள்!