மலைப்பாதை வண்டிகளின் டயர்கள்

கொல்லிமலையில் விளையும் மிளகும், காப்பியும், அன்னாசியும், பலாவும் சமவெளிச் சந்தையை அடைய, சோளக்காட்டிற்கும் காரவள்ளிக்கும் இடையிலுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்வதுண்டு. அவ்வளவு தூரமும் வண்டியைத் தரையோடு பிணைத்து நிற்பது, சக்கரம் ஒன்றுக்கு ஏறக்குறைய உள்ளங்கையளவு ரப்பரே. ஆகையால் டயர் விஷயத்தில் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கவனிப்பது அவசியம்.

1. அளவு. வண்டியைச் செய்தவர்கள் குறித்திருக்கும் அளவே சரியான அளவு. அது வண்டியின் கைப்புத்தகத்தில் காணப்படும். டயரின் பக்கத்தில் 90/90-17 49P என்றிருந்தால், அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அகலத்தில் நூற்றுக்கு 90 பங்கு, ரிம்மின் குறுக்களவு 17 அங்குலம் என்று பொருள். 49 என்பது அந்த டயர் 185 கிலோ வரை தாங்கும் என்பதையும், P என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்திற்கு ஏற்றதென்பதையும் காட்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று பெரிய டயர் மாட்டினால், வளைவில் முழுவதும் திருப்பும்போது மட்கார்டில் உரசக்கூடும்; வேகமானியும் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும். சிறிய டயரோ பாரம் தாங்காது. ஒரே அச்சில் ரேடியல் டயரையும் சாதாரண டயரையும் கலந்து மாட்டலாகாது.

2. காற்று. காற்றுக் குறைந்த டயரின் பக்கங்கள் ஓயாது மடங்கிச் சூடேறி, முடிவில் வெடிக்கும். அதன் இரு ஓரங்களும் முதலில் தேயும். காற்று மிகுந்தால் நடுப்பாகம் தேயும், பிடிப்பும் குறையும். வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். ஓடிச் சூடேறியபின் அளவு கூடியிருப்பது இயல்பு; அதைக் கண்டு காற்றை இறக்குவது தவறு. மலை ஏறினால் காற்றைக் குறைக்க வேண்டுமென்று சிலர் கருதுகின்றனர். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவு சிறிது கூடினும், குளிர் அதைச் சிறிது குறைத்துவிடும். ஆகவே நமது மலையின் உயரத்திற்குக் குறித்த அளவே போதும்.

3. தேய்மானம். பள்ளங்களே மழைநீரை வெளியேற்றுகின்றன. கார், லாரி டயர்களில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் டயரை மாற்றியே தீர வேண்டும்; மழைக்காலத்து மலைப்பாதைக்கு அதற்கு முன்னரே மாற்றுவது நன்று. பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் செய்த காலத்தைக் காட்டும்: 1224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். பள்ளம் நன்றாயிருப்பினும், பக்கங்களில் வெடிப்போ வீக்கமோ கண்ட டயரை உபயோகிக்கக் கூடாது. புதுப்பித்த டயரை முன்சக்கரத்தில் மாட்டலாகாது. இரட்டைச் சக்கரங்களின் இடையே சிக்கிய கல்லை உடனே அகற்ற வேண்டும்.

4. இறக்கம். பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் பரவும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது பழைய விதி. இன்றும் அதுவே நல்லது.

5. சங்கம் செய்யத்தக்கது. ஒவ்வொரு சங்கமும் காற்றளவுமானி ஒன்றை வாங்கிக் கிடங்கில் வைக்கலாம். சரக்கேற்றும் வண்டிகளின் டயர்களை, ஸ்டெப்னி உட்பட, புறப்படுமுன் அளந்து பதிவேட்டில் எழுதலாம். கடன் பெற்று டயர் வாங்கும் அங்கத்தினர், பட்டியலில் அளவும் செய்த வாரமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தபின் பணம் செலுத்துவாராக. ஒரு டயரின் விலை பெரிதுதான்; ஆனால் பாரத்தோடு பள்ளத்தில் வீழ்ந்த வண்டியின் நஷ்டத்தை எந்தச் சங்கமும் கடன் கொடுத்து ஈடு செய்ய இயலாது.